அடிப்படை எரிசக்தி ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களிடம், அதிலும் ஆய்வு மாணவர்களிடம், இந்த விஷயத்தை எடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நடுநிலையாளனாக எழுதவில்லை. இந்தப் பணம் வெட்டின்றி, ஆண்டுதோறும் ஒழுங்காக வர வேண்டும் என்ற பக்கத்தில் நிற்கிறேன். எதிர்ப்பக்கத்தார் கேட்பதிலும் நியாயமான கேள்விகள் உண்டு. அவற்றைத் தாண்டிப் போகவில்லை.

அடிப்படை எரிசக்தி அறிவியல் என்றால் எது?

சோலார் பேனலை எப்படி மலிவாகச் செய்வது என்பது தொழில்நுட்பக் கேள்வி. வெளிச்சம் பட்டதும் படிகத்துக்குள் எலெக்ட்ரான் எந்த வழியில் ஓடுகிறது, எங்கே சிக்கி வெறும் வெப்பமாக வீணாகிறது என்பது அடிப்படைக் கேள்வி. முதல் கேள்விக்கு விடை தேடுபவர், தெரிந்தோ தெரியாமலோ, இரண்டாவதற்கு யாரோ எப்போதோ கண்டுபிடித்த விடையின் மேல்தான் நிற்கிறார்.

பேட்டரி ஏன் நாளாக நாளாகச் சோர்ந்துபோகிறது? அணு உலையின் உலோகச் சுவர் நியூட்ரான் அடி வாங்கி ஏன் வீங்குகிறது? வினையூக்கியின் மேல் ஒரு மூலக்கூறு எந்த இடத்தில் முதலில் உடைகிறது? எல்லாம் இந்த வகைதான். எனக்கு மிகவும் பிடித்தது இலை பற்றிய கேள்வி. பச்சை இலைக்குள் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த சின்னஞ்சிறு கொத்து ஒன்று இருக்கிறது. வெயிலை வாங்கித் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே விடுவது அதுதான். அறை வெப்பநிலையில், சத்தமில்லாமல் நடக்கும் அந்த வேலையை நம்மால் இன்னும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியவில்லை. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டை ஒட்டிய ஸ்லாக் ஆய்வகத்தின் எக்ஸ்-ரே லேசரில், அந்தக் கொத்து வேலை செய்யும்போதே அதைப் படிப்படியாகப் படம்பிடித்து வருகிறார்கள். இன்று யாருக்கும் இதில் லாபம் இல்லை. தண்ணீரிலிருந்து மலிவாக ஹைட்ரஜன் எடுக்கப்போகிறவருக்கு நாளை இது தேவைப்படும்.

இந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்? எவ்வளவு?

ஃபெடரல் அரசின் எரிசக்தித் துறைக்குள் அறிவியல் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அதன் பிரிவுகளில் பெரியது அடிப்படை எரிசக்தி அறிவியல் பிரிவு, சுருக்கமாக பி.இ.எஸ். என்பார்கள். 2024 நிதியாண்டில் அறிவியல் அலுவலகத்துக்குச் சுமார் 824 கோடி டாலர் கிடைத்தது. அதில் பி.இ.எஸ். பங்கு சுமார் 260 கோடி டாலர்.

கேட்கும்போது பெரிய தொகைதான். அந்த ஆண்டு ஃபெடரல் அரசின் மொத்தச் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். அரசு செலவழித்த ஒவ்வொரு ஆயிரம் டாலரிலும் பி.இ.எஸ்-க்குப் போனது ஏறத்தாழ 40 சென்ட். நாட்டின் மக்கள்தொகையால் வகுத்தால், தலைக்கு ஆண்டுக்கு எட்டு டாலருக்கும் குறைவு.

அந்தப் பணம் எங்கே போகிறது?

ஒரு பகுதி பல்கலைக்கழகங்களிலும் தேசிய ஆய்வகங்களிலும் உள்ள ஆய்வுக் குழுக்களுக்குப் போகிறது: மாணவர் உதவித்தொகை, ஆய்வாளர் சம்பளம், ரசாயனம், கருவி. 2009-இல் தொடங்கிய எரிசக்தி எல்லை ஆய்வு மையங்கள் இதில் சேரும். முதல் சுற்றில் 46 மையங்கள். ஒவ்வொன்றிலும் பல கல்லூரிகள், ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் துரத்துகின்றன.

இன்னொரு பெரும்பகுதி, தனியொரு பல்கலைக்கழகத்தாலோ கம்பெனியாலோ கட்ட முடியாத கருவிகளுக்குப் போகிறது. மொத்தம் 12. ஐந்து எக்ஸ்-ரே மையங்கள், டென்னசியின் ஓக் ரிட்ஜில் இரண்டு நியூட்ரான் மையங்கள், ஐந்து நானோ அறிவியல் மையங்கள். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான ஆய்வாளர்கள் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். முடிவுகளை வெளியிடுவதாக இருந்தால் கட்டணம் கிடையாது. ரகசியமாக வைத்துக்கொள்ள விரும்பும் கம்பெனி முழுச் செலவையும் கட்ட வேண்டும். எனக்கு இது மிக நியாயமான ஏற்பாடாகப் படுகிறது.

சிகாகோவுக்குப் பக்கத்தில் ஆர்கோன் ஆய்வகத்தில் இருக்கும் எக்ஸ்-ரே மையத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 1.1 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடுகின்றன. வளையத்தைச் சுற்றி வரிசையாக பீம்லைன்கள், அதாவது ஓடும் எலெக்ட்ரான்கள் உமிழும் எக்ஸ்-ரேயை வெளியே கொண்டுவரும் பாதைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஈயத்தகடு பொதிந்த ஓர் அறை. விண்ணப்பித்து, மற்ற ஆய்வாளர்கள் மதிப்பிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து நேரம் கிடைத்த மாணவி தன் பேட்டரி மாதிரிகளோடு வந்து இறங்குகிறாள். ஒரு மாதிரியை எக்ஸ்-ரே பாதையில் பொருத்துகிறாள். உள்ளே வேறு யாரும் இல்லை என்று மூலை மூலையாகப் பார்த்து, அங்கங்கே இருக்கும் பொத்தான்களை வரிசையாக அழுத்திவிட்டு வெளியே வருகிறாள். எச்சரிக்கை ஒலி கேட்கிறது, கதவு மூடிக்கொள்கிறது, பீம் திறக்கிறது. அதன் பிறகு இரவு பகல் பார்க்க நேரமில்லை. பேட்டரி சார்ஜ் ஏற ஏற உள்ளே அணுக்கள் இடம் மாறுவது திரையில் கோடுகளாக நகர்கிறது. கிடைத்த நாட்கள் சில. அதற்குள் எல்லா மாதிரிகளும் முடிய வேண்டும். அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நேரம் கேட்பவர்கள் எப்போதும் இருக்கும் நேரத்தைவிட அதிகம்.

இந்த மையத்தை 2023 ஏப்ரலில் நிறுத்தி, 81.5 கோடி டாலர் செலவில் வளையத்தையே மாற்றி, 2024-இல் திரும்பத் திறந்தார்கள். எக்ஸ்-ரேயின் பிரகாசம் 500 மடங்கு வரை கூடும். பெய்ஜிங் அருகே சீனா இதே தரத்தில் புதிய வளையம் ஒன்றைக் கட்டியிருக்கிறது. ஐரோப்பாவின் வளையம் ஃபிரான்ஸின் கிரனோபிளில் 2020-இலேயே புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

இதையெல்லாம் கம்பெனிகளே செய்துகொள்ளக் கூடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்க வேண்டிய கேள்வியும்கூட. லாபம் பார்ப்பவன் செலவையும் ஏற்கட்டும் என்பது பொதுவாகச் சரியான வாதம். இந்த இடத்தில் மட்டும் அது பொருந்தாது. லித்தியம் பேட்டரியின் கதையைப் பார்த்தால் காரணம் புரியும்.

1970-களில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது எக்ஸான் நிறுவனம் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்ற வேதியியலாளரை வேலைக்கு எடுத்தது. ரீசார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரியின் அடிப்படையை அங்கேதான் அவர் உருவாக்கினார். எண்ணெய் நிறுவனத்தின் பணம். மறுக்கவில்லை, பாராட்ட வேண்டியதுதான். 1980-களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை இறங்கியதும் அந்த நிறுவனம் பேட்டரி வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டது. ஒரு கம்பெனியாக அது எடுத்த முடிவு தவறென்று சொல்ல முடியாது. பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், இருபது ஆண்டு கழித்து வேறு யாரோ விற்கப்போகும் பொருளுக்காக எத்தனை நாள் செலவழிப்பார்கள்?

ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் பேட்டரியின் நேர்முனைக்குக் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தார். ஜப்பானில் அகிரா யோஷினோ 1985-இல் பாதுகாப்பான வடிவம் கொடுத்தார். 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் மூவருக்கும் நோபல் பரிசு. தொடக்கத்திலிருந்து கடை அலமாரி வரை ஏறத்தாழ இருபது ஆண்டு, மூன்று நாடுகள். ஆரம்பித்து வைத்த நிறுவனம் நடுவிலேயே விலகிவிட்டது. விட்டிங்ஹாம் பின்னர் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் நடத்திய பேட்டரி ஆய்வு மையத்துக்குப் பணம் கொடுத்தது பி.இ.எஸ்.

"பெல் ஆய்வகம் தனியார்தானே, 1954-இல் சிலிக்கான் சோலார் செல்லை அவர்கள்தானே செய்தார்கள்?" என்றும் கேட்பார்கள். ஆமாம், அவர்கள்தான். ஆனால் பெல் ஆய்வகத்தின் பின்னால் நின்றது ஏடி அண்டு டி. நாட்டின் தொலைபேசியை ஏறத்தாழ ஏகபோகமாக, அரசு ஒழுங்குமுறையின் கீழ் நடத்திய நிறுவனம். போட்டிக்கு ஆளில்லாததால் நீண்ட கால ஆராய்ச்சிக்குப் பணம் போட முடிந்தது. 1984-இல் அந்த நிறுவனம் உடைக்கப்பட்ட பிறகு அப்படி ஒரு தனியார் ஆய்வகம் திரும்ப வரவில்லை. அந்த சோலார் செல்லுக்கு முதலில் உருப்படியான வேலை கொடுத்ததும் 1958-இல் பறந்த வான்கார்ட்-1 செயற்கைக்கோள், அதாவது அரசு.

இன்றைய உதாரணம் வேண்டுமானால், சிறு அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப் பார்க்கும் அணுக்கரு இணைவுக் கம்பெனிகள். காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனம், எம்.ஐ.டி-யோடு சேர்ந்து, 2021-இல் 20 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தை இயக்கிக் காட்டியது. அந்தக் காந்தத்தின் கம்பி, 1986-87-இல் கண்டுபிடிக்கப்பட்ட உயர்வெப்ப மீக்கடத்திகளின், அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்களின், வழிவந்தது. அந்தப் பொருள்களை நல்ல நாடாவாக இழுக்கக் கற்றுக்கொள்ளவே பல்லாண்டு பொருள் அறிவியல் தேவைப்பட்டது. எந்த முதலீட்டாளரும் முப்பத்து நான்கு ஆண்டு காத்திருக்க மாட்டார். கடைசி ஐந்தாண்டுக்கு வருவார். வரட்டும், அது அவர் வேலை.

சரி, வரிகட்டியவருக்கு நேரடியாக என்ன கிடைத்தது?

மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் பிற்பகுதியில் ஆர்கோன் ஆய்வகத்தில் பி.இ.எஸ். பணத்தில் லித்தியம் பேட்டரிப் பொருள்களை ஆராய்ந்தார்கள். சார்ஜ் ஏறி இறங்கும்போது படிகம் குலைந்து விழாமல் இருக்க என்ன வழி என்பதுதான் கேள்வி. மைக்கேல் தாக்கரேயும் அவர் கூட்டாளிகளும் மாங்கனீசு நிறைந்த, நிக்கலும் கோபால்ட்டும் கலந்த அமைப்பைக் கண்டார்கள். ஆய்வகம் காப்புரிமை எடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ், எல்ஜி கெம், பிஏஎஸ்எஃப் என்று பெரிய நிறுவனங்கள் உரிமம் வாங்கின. செவர்லே வோல்ட் காரின் பேட்டரி அந்த வழியில் வந்தது.

இது மட்டுமல்ல. எரிசக்திக்காகக் கட்டிய கருவி மருத்துவத்துக்கு உதவியதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1983 முதல் 1995 வரை நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் இருந்தார். உடலில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை அங்கே நியூட்ரான்களைக் கொண்டு ஆராய்ந்தார். பின்னர் கேம்பிரிட்ஜ் போய் அதன் சிறு கூற்றின் அமைப்பை அணு அணுவாக வரைந்தபோது, முக்கியமான எக்ஸ்-ரே தரவுகள் புரூக்ஹேவனிலும் ஆர்கோனிலும் எடுக்கப்பட்டன. 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. பல ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான் தாக்குகின்றன. எந்த இடத்தில் எப்படிப் பற்றுகின்றன என்பதை இந்த வேலை காட்டியது. கோவிட் காலத்தில் பாக்ஸ்லோவிட் மாத்திரையை உருவாக்கிய ஃபைசர் நிறுவனமும் ஆர்கோனின் பீம்லைனைப் பயன்படுத்தியது. பேட்டரிக்காரரும் மருந்துக்காரரும் ஒரே வளையத்தின் வெவ்வேறு வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் பெர்க்லி. 1940-இல் மார்ட்டின் காமனும் சாம் ரூபனும் அங்கே கதிர்வீச்சு வெளியிடும் கார்பன் வகையான கார்பன்-14-ஐக் கண்டுபிடித்தார்கள். போருக்குப் பிறகு மெல்வின் கால்வின் குழு, அணுசக்தி ஆணையத்தின் பணத்தில், பாசிக்கு அந்தக் கார்பனைக் கொடுத்துவிட்டுச் சில நொடிகளிலேயே சூடான ஆல்கஹாலில் இறக்கிக் கொன்றது. அந்தச் சில நொடிக்குள் கார்பன் எந்தெந்த மூலக்கூறுக்குப் போயிருக்கிறது என்பதை எக்ஸ்-ரே ஃபிலிமில் கறுப்புப் புள்ளிகளாகப் பார்த்தார்கள். காற்றிலிருக்கும் கரியமிலவாயு எப்படிச் சர்க்கரையாகிறது என்ற பாதை அப்படித்தான் தெரிந்தது. 1961-இல் கால்வினுக்கு நோபல். இன்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அணுசக்தி ஆணையத்தின் அந்த ஆய்வுப் பணி 1975-இல் ஒரு தற்காலிக நிர்வாகத்துக்கும், 1977-இல் புதிதாக உருவான எரிசக்தித் துறைக்கும் கைமாறியது.

சோலிண்ட்ரா மாதிரி அரசுப் பணம் மண்ணாய்ப்போன கதைகள் உண்டே?

சோலிண்ட்ரா ஒரு தொழிற்சாலை நிறுவனம். அதற்கு அரசு கொடுத்தது 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதம், 2011-இல் திவாலானது. அது வேறு திட்டம், வேறு கணக்கு. அடிப்படை ஆய்வோடு அதைச் சேர்த்துப் பேசுவது சரியில்லை. ஆய்விலும் பல பாதைகள் முட்டுச்சந்தில் முடியும் என்பது உண்மை. எந்தப் பாதை முட்டும் என்று முன்னாலேயே தெரிந்தால் அதற்கு ஆய்வு என்றே பெயர் இருக்காது.

நாம் கண்டுபிடிக்கிறோம், சீனா தயாரித்து விற்கிறது. பிறகு எதற்கு?

கடினமான கேள்வி இது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற பேட்டரிப் பொருளை 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃப் குழு கண்டுபிடித்தது. அதை வைத்து எம்.ஐ.டி-யிலிருந்து ஏ123 என்ற நிறுவனம் பிறந்தது. 2009-இல் அரசு சுமார் 25 கோடி டாலர் மானியம் அறிவித்தது. 2012-இல் நிறுவனம் திவால். வாங்கியது சீனாவின் வான்ஷியாங். இன்று அந்த வகைப் பேட்டரியின் உற்பத்தியில் சீனாவின் கைதான் ஓங்கி இருக்கிறது.

இது வலிக்கிறது, வலிக்கவும் வேண்டும். ஆனால் இதில் தவறியது எது? கண்டுபிடிப்பு தவறவில்லை. அதன் பிறகு தொழிற்சாலை கட்டுவது, வாங்குபவரை உறுதிசெய்வது, நஷ்ட காலத்தில் தாங்கிப் பிடிப்பது ஆகியவற்றில்தான் அமெரிக்கா சறுக்கியது. அதற்குத் தொழிற்கொள்கை வேண்டும், அதையும் கேட்போம். அடிப்படை ஆய்வின் பணத்தைக் குறைத்தால் ஒரு தொழிற்சாலைகூடத் திரும்பி வராது. அடுத்த பேட்டரியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் போய்விடும். சீனாவும் உற்பத்தியோடு நின்றுவிடவில்லை. டோங்குவானில் நியூட்ரான் மையம், பெய்ஜிங்கில் எக்ஸ்-ரே வளையம் என்று அடிப்படைப் பக்கத்திலும் வேகமாக முதலீடு செய்கிறது.

நாட்டுக்குக் கடன் தலைக்கு மேல் இருக்கிறதே. சில ஆண்டு குறைத்துவிட்டு, நிலைமை சரியானதும் கூட்டினால் என்ன?

இந்த யோசனை கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆய்வகம், திறந்து மூடும் குழாய் அல்ல. மூடினால் திரும்பத் தண்ணீர் வராது. 2007 டிசம்பரில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அவசரமாக நிறைவேற்றிய பட்ஜெட்டில் அறிவியல் அலுவலகத்துக்கு எதிர்பார்த்த உயர்வு வெட்டப்பட்டது. விளைவாக ஆர்கோனில் 1981 முதல் இயங்கிவந்த நியூட்ரான் மையம் 2008 தொடக்கத்தில் நிரந்தரமாக மூடப்பட்டது. அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவில் சில வாரங்கள்தான். பக்கத்திலேயே இருக்கும் ஃபெர்மி ஆய்வகத்தில் ஊழியர்களைச் சுழற்சி முறையில் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பினார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 50 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்ததால் அந்த விடுப்பு முடிவுக்கு வந்தது. உலகின் பணக்கார நாட்டின் தேசிய ஆய்வகம் தனிமனித தானத்தை நம்பியிருந்த நாட்கள் அவை, மறக்கக் கூடாது.

அடுத்த ஆண்டே பணம் கூடியது. மூடிய மையம் திறக்கவில்லை. கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். நடுவில் நின்ற முனைவர் பட்ட ஆய்வுகள் திசைமாறின. ஒரு பீம்லைன் விஞ்ஞானியைத் தயார்செய்யப் பத்தாண்டு ஆகும். அனுப்புவதற்கு ஒரு கடிதம் போதும்.

என் கருத்தில், மொத்தத் தொகையைவிட ஒழுங்கு முக்கியம். ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்வு தவறாமல் வந்தால், ஓராண்டு 15 கூட்டி அடுத்த ஆண்டு 10 வெட்டுவதைவிட அது பல மடங்கு நல்லது. பெரும் உயர்வு அறிவித்துக் கைவிடும் பழக்கமும் இருக்கிறது. 2022-இல் கையெழுத்தான சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டம், அறிவியல் அலுவலகத்துக்கு ஐந்தாண்டில் சுமார் 5,000 கோடி டாலர் வரை செலவழிக்க அனுமதித்தது. அனுமதி வேறு, ஒதுக்கீடு வேறு. ஒவ்வோர் ஆண்டும் உண்மையில் ஒதுக்கியது அதைவிடக் குறைவு.

நாம் கேட்டால் மாறுமா?

மாறியிருக்கிறது. 2018 நிதியாண்டுக்கு டிரம்ப் நிர்வாகம் அறிவியல் அலுவலகத்தை 539 கோடியிலிருந்து 447 கோடி டாலராக, 17 சதவீதம் வெட்டச் சொன்னது. விஞ்ஞான சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், கம்பெனிகள், ஆய்வகங்கள் இருக்கும் ஊர்க்காரர்கள் என்று பலரும் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் போனார்கள். முடிவில் காங்கிரஸ் கொடுத்தது 626 கோடி. வெட்டச் சொன்ன இடத்தில் 16 சதவீத உயர்வு. அப்போது செனட்டின் எரிசக்தி நிதிக் குழுவை நடத்தியவர் டென்னசியின் லமார் அலெக்சாண்டர், குடியரசுக் கட்சி. எதிர்வரிசையில் கலிஃபோர்னியாவின் டயான் ஃபைன்ஸ்டைன், ஜனநாயகக் கட்சி. இருவரும் கைகோத்தார்கள். இது ஒரு கட்சியின் விஷயம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2025-இலும் அதே கதை. 2026 நிதியாண்டுக்கு நிர்வாகம் கேட்டது சுமார் 710 கோடி. பிரதிநிதிகள் சபையின் நிதிக் குழு அந்த வெட்டை ஏற்காமல் 840 கோடிக்கு மசோதா எழுதியது. அதே ஆண்டு ஏப்ரலில் எரிசக்தித் துறை, பல்கலைக்கழகங்களுக்கான மறைமுகச் செலவை 15 சதவீதத்துக்குள் அடக்க முயன்றது. பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் தடுத்தன. மறைமுகச் செலவு என்றால் ஆய்வுக்கூடத்தின் மின்சாரம், பாதுகாப்பு, கட்டடப் பராமரிப்பு, கணக்கு வழக்கு. பெயரைப் பார்த்து வீண்செலவென்று நினைத்துவிட வேண்டாம்.

எப்போது பேச வேண்டும்?

நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. ஜனாதிபதியின் பட்ஜெட் வேண்டுகோள் பிப்ரவரியில் வர வேண்டும், பெரும்பாலும் தாமதமாகும். அதன் பிறகு இரு சபைகளிலும் எரிசக்தி மற்றும் நீர்வளத் துணைக்குழுக்கள் தொகைகளை எழுதுகின்றன. ஒவ்வோர் உறுப்பினரும் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்தக் குழுவுக்கு வசந்த காலத்தில் எழுதிக் கொடுப்பார். உங்கள் குரல் மிக அதிகமாக எடுபடும் நேரம் அதுதான், மார்ச் ஏப்ரல் வாக்கில். தொகைகள் எழுதி முடிந்த பிறகு பேசினால் பலன் குறைவு. ஆனால் பட்ஜெட் அக்டோபருக்குள் முடிவது அபூர்வம். முடியாவிட்டால் பழைய தொகையையே நீட்டிப்பார்கள், புதிய திட்டம் எதுவும் தொடங்க முடியாது. அதுவும் முடியாவிட்டால் அரசு முடக்கம்; 2025-இல் 43 நாள் நீடித்தது. ஆகவே இலையுதிர் காலத்தில் இன்னொரு முறை கூப்பிடுங்கள்.

தொலைபேசியில் என்ன சொல்வது?

கேப்பிட்டல் இணைப்பகத்தின் எண் 202-224-3121. உங்கள் உறுப்பினரின் பெயரைச் சொன்னால் அவர் அலுவலகத்துக்கு இணைப்பார்கள். எடுப்பவர் பெரும்பாலும் இளம் உதவியாளர் அல்லது பயிற்சி மாணவர். விவாதிக்க மாட்டார். பெயர், ஜிப் கோடு, என்ன விஷயம், ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துக்கொள்வார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான் இந்தத் தொகுதியில் வசிக்கிறேன். எரிசக்தித் துறையின் அறிவியல் அலுவலகத்துக்கும் அதில் அடிப்படை எரிசக்தி அறிவியல் பிரிவுக்கும் ஒதுக்கும் தொகையைக் குறைக்கக் கூடாது, விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும் என்று உறுப்பினர் துணைக்குழுவிடம் கேட்க வேண்டும்." அதன்பின் உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு விஷயம். பக்கத்து பல்கலைக்கழகம், மகள் செய்யும் ஆய்வு, நீங்கள் வேலை பார்க்கும் பேட்டரி நிறுவனம் என்று எதுவானாலும் சரி. ஊர்ப்பெயர் வந்தால்தான் அந்தக் குறிப்பு மேலே போகும்.

பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உறுப்பினர் யார் என்று பார்த்துப் பேசுங்கள். சிலரிடம் அது எடுபடும். சிலரிடம் சீனப் போட்டி, மின்கட்டணம், உள்ளூர் வேலை ஆகியவை எடுபடும். எல்லாமே உண்மைதான், எதை முதலில் சொல்வது என்பதுதான் தேர்வு.

நான் குடியுரிமை இல்லாதவர். மாணவர் விசாவிலோ எச்-1பி-யிலோ இருக்கிறேன். பேசலாமா?

பேசலாம். அரசிடம் முறையிடும் உரிமை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் இருக்கிறது, அது குடிமக்களுக்கு மட்டுமானதல்ல. உறுப்பினர் தன் தொகுதியில் வசிக்கும் எல்லோருக்கும் பிரதிநிதி. வாக்களிக்க முடியாது, கிரீன் கார்டு இல்லாதவர் தேர்தல் நன்கொடை கொடுக்கக் கூடாது. இந்த இரண்டில் கவனமாக இருங்கள். ஆனாலும் இன்றைய சூழலில் தயங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் குடியுரிமை பெற்ற நண்பரிடமோ உறவினரிடமோ விஷயத்தை விளக்கி அவரைக் கூப்பிடச் சொல்லலாம். அந்த நண்பருக்குப் பெரும்பாலும் இது எதுவுமே தெரிந்திருக்காது.

தேசிய ஆய்வகத்தில் வேலை, அல்லது எரிசக்தித் துறை மானியத்தில் படிப்பு. எனக்குத் தடை உண்டா?

மானியப் பணத்தையும் வேலை நேரத்தையும் அலுவலக மின்னஞ்சலையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. சொந்த நேரத்தில், சொந்தத் தொலைபேசியில், தனிமனிதராகப் பேசலாம். நிறுவனத்தின் சார்பில் பேசுவதாகச் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் உங்கள் நிறுவனத்தின் அரசு உறவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க வேதியியல் சங்கம், அமெரிக்க இயற்பியல் சங்கம் போன்றவை உறுப்பினர்களை வாஷிங்டனுக்கு அழைத்துப்போய்ச் சந்திப்பு ஏற்பாடு செய்கின்றன. மாணவர்களுக்கும் இடம் உண்டு.

கூப்பிட்டேன், அச்சடித்த பதில் கடிதம்தான் வந்தது. இனி?

அச்சடித்த பதில் வந்தால் உங்கள் அழைப்பு கணக்கில் ஏறிவிட்டது என்று பொருள். அடுத்து, தொகுதியிலேயே இருக்கும் உள்ளூர் அலுவலகத்தில் நேரில் சந்திக்க நேரம் கேளுங்கள். ஆகஸ்டில் உறுப்பினர்கள் ஊருக்கு வருவார்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஒரு மாணவர், ஒரு தொழில்முனைவர் இருந்தால் நல்லது. ஒரே பக்கத்தில் எழுதிய கோரிக்கையைக் கையில் கொடுங்கள். அதில் தொகை இருக்கட்டும், தொகுதியில் அந்தப் பணம் எங்கெங்கே வந்திருக்கிறது என்பதும் இருக்கட்டும். உங்களைச் சந்திக்கும் எரிசக்தி உதவியாளரின் பெயரைக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மார்ச்சில் அடுத்த சுற்று தொடங்கும்போது அவருக்கே நேரடியாக எழுதலாம்.